குழந்தையின் பாத்தியதை: சிறையிலுள்ள பெற்றோரைக் காணும் உரிமை பற்றி ஓர் ஆய்வு

இந்திய அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கின்ற உயிர்வாழும் உரிமை, வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதோடு முடிந்துவிடுவதில்லை, மனித கௌரவத்தோடு வாழ்வதையும் அது உள்ளடக்கும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்த தீர்ப்பைச் சட்டம் பயின்றோர் யாவரும் அறிவர். உணவு, உறையுள், கல்வி ஆகியவற்றைக் குறித்துப் பின்னர் எழுந்த எத்தனையோ வழக்குகளில் அந்த விளக்கம் எடுத்தாளப்பட்டிருக்கிறது. ஆயினும் அது எந்த விவகாரத்தில் பிறந்தது என்பதை நினைவுகூர்வோர் சிலரே. கள்ளக்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1979-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காவலில் வைக்கப்பட்டுத் தில்லி திகார் சிறையில் இருந்த பிரிட்டிஷ் பெண்மணி ஒருவருக்கு ஏறத்தாழ ஐந்து வயதுள்ள மகள் ஒருத்தி இருந்தாள். தாயின் சகோதரியிடம் வளர்ந்த அந்தக் குழந்தையைத் தாய் மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கலாம் என்பது காவல் நிபந்தனை. விசாரணைக் கைதிக்கு வாரம் இருமுறையும் தண்டனை பெற்ற கைதிக்கு வாரம் ஒருமுறையும் உறவினரைக் காண அனுமதித்த அதே சிறை, எந்தக் குற்றமும் ருசுவாகாத ஒருவரை மாதம் ஒருமுறை என்ற வரம்பில் நிறுத்தியிருந்தது. பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கு என்று சட்ட நூல்களில் வழங்கும் அந்த வழக்கில், 1981 ஜனவரி 13 அன்று நீதிபதி பி.என். பகவதி வழங்கிய தீர்ப்பு அந்த நிபந்தனையைச் செல்லாததென்று தள்ளி, வாரத்தில் குறைந்தது இரண்டு சந்திப்புகளேனும் வேண்டுமென்று விதித்தது. மனித கௌரவம் பற்றி நம் நாட்டு நியாயஸ்தலங்கள் இன்றளவும் எடுத்துரைக்கின்ற விளக்கம், ஒரு தாய் தன் ஐந்து வயது மகளைப் பார்க்க வேண்டுமென்று கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலாகும்.

அந்தத் தீர்ப்பின் பெருமையை முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அங்கே உரிமை தாயினுடையதாகவே கருதப்பட்டது. மகள் அந்த உரிமையின் விஷயமாக வந்தாளேயன்றி, உரிமைக்கு உடையவளாக வரவில்லை. இன்றும் நம் சிறைச் சட்டத்தின் போக்கு பெரும்பாலும் அதுவே. சிறையிலிருக்கும் தந்தையையோ தாயையோ காண்பது குழந்தைக்கே உரிய பாத்தியதை என்றும், பெற்றோரின் நன்னடத்தைக்குப் பரிசாகவோ துர்நடத்தைக்குத் தண்டனையாகவோ அதைக் கூட்டிக் குறைக்கச் சிறை நிர்வாகத்துக்கு நியாயமில்லை என்றும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வந்த வழி

இந்தியச் சிறைகளின் அடிப்படையாக நெடுங்காலம் நின்ற 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, உரிமையியல் கைதிகளும் இன்னும் தண்டனை பெறாத குற்றவியல் கைதிகளும் யாரோடு பேச விரும்புகிறார்களோ அவர்களைத் தக்க நேரத்தில், தக்க கட்டுப்பாடுகளோடு உள்ளே விடுவதற்கு ஏற்பாடு வேண்டுமென்று கூறுகிறது. தண்டனை பெற்றவர்களைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய சந்திப்புகள் விதிகளின் பொறுப்பில் விடப்பட்டன. ஆகவே தண்டனைக் கைதியைக் காண வரும் மனைவியும் மக்களும் சட்டத்தின் வாசல் வழியாக அல்லாமல், சலுகை என்னும் பக்கவழியாக நுழைய வேண்டியவர்கள் ஆனார்கள். சலுகை என்று கொடுக்கப்படுவது எதுவும் நிறுத்திவைக்கத் தக்கதாகிவிடும். அவ்வாறே, சிறைக் கட்டுப்பாட்டை மீறிய கைதிக்குச் சில காலம் நேர்காணலை மறுப்பது பல மாநில விதிகளில் தண்டனை வகைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. அந்தத் தண்டனையில் பாதி, எந்த விதியையும் மீறாத ஒரு குழந்தையின்மேல் விழுகிறது என்பதை விதி எழுதியவர்கள் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

அக்காலச் சிறைகளில் சந்திப்பு எவ்வளவு இழிவான அனுபவமாக இருக்கக்கூடும் என்பதற்கு ஜவஹர்லால் நேருவின் வாழ்க்கையிலேயே சான்றுண்டு. 1930 முதல் 1933 வரை சிறைவாசத்தினூடே மகள் இந்திராவுக்கு அவர் எழுதிய 196 கடிதங்கள் உலக சரித்திர நூலாக மலர்ந்ததை எல்லோரும் அறிவர். அதே காலத்தில், அலகாபாத் சிறைக்கு உறவினரைப் பார்க்கச் சென்ற தம் தாயையும் மனைவியையும் சிறை அதிகாரி ஒருவர் அவமதித்தார் என்பதற்காக, டேராடூன் சிறையிலிருந்த நேரு தமக்குரிய நேர்காணல்களைப் பல மாதங்கள் தாமே துறந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடிதம் எழுதும் வசதியும் கல்வியும் உடைய தந்தைக்கே அந்த நிலை என்றால், எழுத்தறியாத தந்தைக்கும் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் நடுவே சந்திப்பைத் தவிர வேறு எந்தப் பாலம் இருந்திருக்க முடியும்?

சுதந்தர இந்தியாவில் இந்தப் பார்வையை மாற்ற முனைந்தவர்களுள் தலையாயவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். சக கைதி ஒருவர் துன்புறுத்தப்பட்டதைக் குறித்துத் திகார் சிறையிலிருந்து வந்த ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று அவர் விசாரித்த சுனில் பத்ரா வழக்கில், உற்றாரும் நண்பரும் வந்து காண்பது தனிமைப்பட்ட கைதிக்கு ஆறுதல் என்றும், மனிதத்தன்மை அற்ற அமைப்பே அந்த ஆறுதலைப் பறிக்கும் என்றும் கருத்துரைத்தார். அதன் பின்னரே கோரலி முல்லின் தீர்ப்பு வந்தது. குழந்தைகளையே பிரத்தியேகமாகக் கருதிய தீர்ப்புக்கோ மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2006 ஏப்ரல் 13 அன்று தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான அமர்வு ஆர்.டி. உபாத்யாய வழக்கில் வகுத்த நெறிமுறைகள், தாயோடு சிறையில் வாழும் குழந்தைகளுக்கு ஒரு சாசனம் போன்றவை. குழந்தை கைதியாக நடத்தப்படலாகாது. பிரசவம் இயன்றவரை சிறைக்கு வெளியே நிகழ வேண்டும். பிறப்புச் சான்றில் பிறந்த இடம் சிறை என்று பதியப்படக் கூடாது. ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம். ஆறு வயதுக்குப் பின் தாயின் விருப்பப்படி உறவினரிடமோ சமூகநலத் துறையின் இல்லத்திலோ சேர்க்கப்படும் குழந்தையை, கூடுமானவரை சிறை அமைந்த ஊருக்கு வெளியே அனுப்பலாகாது என்றும், இல்லத்திலுள்ள குழந்தை வாரம் ஒருமுறையேனும் தாயைக் காணும்படி துறையின் இயக்குநரே சிறைக்கு அழைத்துவரச் செய்ய வேண்டும் என்றும் அந்நெறிமுறைகள் பணிக்கின்றன. இந்தக் கடைசி நெறி மிகவும் விசேஷமானது. சந்திக்க அனுமதிப்பதோடு நில்லாமல், குழந்தையைக் கொண்டுவந்து சேர்க்கும் கடமையை அரசின்மேல் சுமத்தியது இது ஒன்றே.

இத்துணை நன்மையும் யாருக்குச் சேர்ந்தது என்று பார்த்தால் எல்லை புலப்படும். உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு அந்த வாரச் சந்திப்பை உறுதிசெய்வார் யாரும் இல்லை. தந்தை சிறையிலிருக்கும் குழந்தை இந்த நெறிமுறைகளுக்குள் வரவேயில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் 1,537 பெண்கள் தம்மோடு 1,764 குழந்தைகளை வைத்திருந்தனர். அதே நாளில் சிறைகளிலிருந்த கைதிகளின் மொத்தத் தொகை 5,73,220. அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர், தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். உள்ளே இருக்கும் குழந்தைகளை ஒன்று விடாமல் எண்ணுகிற அந்த ஆவணம், இந்த ஐந்தே முக்கால் லட்சம் பேருக்கு வெளியே எத்தனை குழந்தைகள் உண்டென்று எண்ணுவதில்லை. எண்ணப்படாதவர்களுக்காக எந்தத் திட்டமும் வகுக்கப்படுவதில்லை என்பது நிர்வாகத்தின் பொது இலக்கணம்.

மனு பார்க்கும் நாள்

தமிழ்நாட்டுச் சிறை வாசல்களில் இந்தச் சந்திப்புக்கு மனு என்றே பெயர் வழங்குகிறது. விண்ணப்பம் கொடுத்துப் பெறுவதாகையால் விண்ணப்பத்தின் பெயரே சந்திப்புக்கும் ஆகிவந்தது. மனு போட்டோம், மனு பார்த்தோம் என்றுதான் புழலிலும் வேலூரிலும் பாளையங்கோட்டையிலும் காத்திருக்கும் குடும்பங்கள் பேசிக்கொள்கின்றன. அந்நாளில் நிகழ்வதைச் சற்று அருகிலிருந்து நோக்குவது இந்த ஆராய்ச்சிக்கு அவசியம்.

வெளியூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஒரு பாட்டியம்மாள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆதார் அட்டையையும் அதன் நகலையும் காட்டிப் பெயரைப் பதிந்து, கொண்டுவந்த பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பெயர் கூப்பிடும்வரை இருவரும் காத்திருக்கிறார்கள். கூப்பிட்டதும் உள்ளே போனால், நீண்ட கூடம், குறுக்கே கம்பிவலை அல்லது கண்ணாடி, அப்புறம் தந்தை. வலையாயிருந்தால் பக்கத்தில் நிற்கும் அத்தனை குடும்பங்களின் கூச்சலையும் மீறிக் கத்திப் பேச வேண்டும். கண்ணாடியாயிருந்தால் இன்டர்காம் கருவி ஒன்றை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் வக்கீல் பீஸ், ஜாமீனுக்கு ஆள், வீட்டு வாடகை, அடகு வைத்த நகை என்று பெரியவர்களின் விவகாரம் நடக்கிறது. "பாப்பாகிட்ட குடும்மா" என்று தந்தை கேட்கும்போது நேரம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக் கருவியைக் காதில் கொடுத்தால், அது கண்ணாடிக்கப்பால் அசைகிற வாயையும் காதில் கேட்கிற குரலையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துவிட்டுப் பேசாமலிருக்கிறது. ஸ்கூலுக்குப் போனியா என்ற கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறது. அதற்குள் வார்டர் அடுத்த வரிசையைக் கூப்பிட்டுவிடுகிறார்.

இதில் எவருடைய கொடுமையும் இல்லை. கூட்டம் அதிகம், வார்டர்கள் சிலர், கூடம் ஒன்று. ஆயினும் அந்தக் கூடத்தின் அமைப்பு முழுவதும் வளர்ந்த இருவர் செய்தி பரிமாறிக்கொள்வதை மனத்தில் வைத்து உருவானதாகும். குழந்தை செய்தி கேட்க வருவதில்லை. மடியில் உட்காரவும், வரைந்த படத்தைக் காட்டவும், விழுந்த பல்லின் இடத்தைத் திறந்து காட்டவும் வருகிறது. அவற்றுள் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. மேலும் விடுமுறை நாள்களில் சந்திப்பில்லாத சிறைகளில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தந்தையைப் பார்க்க வேண்டுமானால் அன்றைய பாடத்தை இழக்க வேண்டும். கூலி வேலை செய்யும் தாய் அன்றைய கூலியை இழக்க வேண்டும். இந்தச் செலவு மிகும்போது வாரம் மாதமாகி, மாதம் வருஷமாகி, முடிவில் வராமற்போவது எத்தனையோ குடும்பங்களின் கதை.

தண்டனைக் கைதிகளுக்கு வேறொரு வழி உண்டு. 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, குறித்த காலத்தைக் கழித்தவர்கள் சாதாரண விடுப்பிலும், நெருங்கிய உறவினரின் மரணம், கடும்பிணி, திருமணம் போன்ற சந்தர்ப்பங்களில் அவசர விடுப்பிலும் வீட்டுக்குச் சென்று வரலாம். அந்த விதிகள் தண்டனையை நிறுத்திவைப்பவையாதலால், இன்னும் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிக்கு அவற்றால் பயனில்லை. குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டவன் குழந்தையோடு வீட்டில் சில நாள்கள் இருக்கலாம். தீர்மானிக்கப்படாதவன் ஜாமீன் கிடைக்கும்வரை கண்ணாடி வழியாகவே பார்க்க வேண்டும். இந்த முரண்பாட்டைச் சட்டம் இன்னும் தீர்க்கவில்லை.

உலக நியதிகள்

1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் சேர்ந்தது. பெற்றோரைப் பிரிந்த குழந்தை, தன் நலத்துக்கு மாறாக இருந்தாலன்றி, அவர்களோடு முறையாக நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையுடையது என்று அதன் 9-ஆம் பிரிவு கூறுகிறது. சிறைவாசத்தால் நேரும் பிரிவையும் அந்தப் பிரிவு வெளிப்படையாகக் குறிப்பிட்டு, பெற்றோர் எங்கே இருக்கிறார் என்ற தகவலைக் கேட்டால் தருவது அரசின் கடமை என்கிறது. இங்கே உரிமைக்கு உடையவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை: குழந்தையே. இந்தியா தானே விரும்பி ஏற்ற கடமை இது.

கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐக்கிய நாடுகளின் விதிகள் 2015-இல் திருத்தியமைக்கப்பட்டபோது நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கின. அந்தப் பெயர் பொருத்தமானது என்பதை அவர் வாழ்வறிந்தோர் உணர்வர். 1964-இல் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்ட அவருக்கு, தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பும் ஒரு கடிதமுமே கிடைத்தன. சிறுபிள்ளைகள் பதினாறு வயது நிரம்பும்வரை அந்தச் சிறைக்கு வரத் தடை இருந்தமையால், அவருடைய பெண்மக்கள் தந்தையின் முகத்தைக் காணாமலே வளர்ந்தனர். 1969-இல் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தபோது சவ அடக்கத்துக்குச் செல்லவும் அவருக்கு அனுமதி கிட்டவில்லை. போல்ஸ்மூர் சிறையில் 1984-இல்தான், தடுப்பில்லாமல் மனைவியின் கையை அவர் மறுபடி பற்ற முடிந்தது. அதற்குள் இருபத்தொரு வருஷங்கள் கழிந்திருந்தன. அவர் பெயரிலுள்ள விதிகளில் 43-ஆவது, குடும்பத் தொடர்பை அறவே தடுப்பதை ஒழுங்கு நடவடிக்கையாகப் பயன்படுத்தலாகாது என்கிறது. 59-ஆவது, கைதியை இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்கச் சொல்கிறது. 60-ஆவது, காண வருவோரைச் சோதிக்கும் முறை இழிவானதாக இருக்கக் கூடாது என்கிறது. பெண் கைதிகளுக்கென 2010-இல் இயற்றப்பட்ட பாங்காக் விதிகள், தாயும் குழந்தையும் தடுப்பின்றித் தொட்டுப் பழகும் சந்திப்பையும், கூடிய நேரம் சேர்ந்திருப்பதையும் வலியுறுத்துகின்றன.

இவை வெறும் ஆசைகளாக நின்றுவிடாமல் நியாயஸ்தலங்களில் உயிர்பெற்றதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைக் காட்டலாம். போலந்து நாட்டில் அபாயகரமானவர் என்று வகைப்படுத்தப்பட்ட ஒரு கைதியின் பெண்குழந்தைகள், கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலுள்ள தந்தையை அந்தச் சூழ்நிலையில் காண்பது மனவேதனை தந்தமையால் வருவதே அரிதாயிற்று. 2012-இல் ஹோரிச் வழக்கில் அந்நீதிமன்றம், குழந்தைகள் வரும் சந்திப்புக்குப் பிரத்தியேக ஏற்பாடு வேண்டும், இயன்ற அளவு அச்சமில்லாத சூழ்நிலையை உண்டாக்குவது அரசின் பொறுப்பு என்று கூறியது. ஆயுள் கைதிகளை முதல் பத்து வருஷங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிக்கப்பால் நிறுத்திய ருஷ்ய விதியை 2015-இல் கோரொஷென்கோ வழக்கில் அது குடும்ப வாழ்வுரிமைக்கு முரணானதென்று கண்டித்தது. இதற்கு நேர்மாறாக, மிச்சிகன் மாநிலச் சிறைகள் போதைப்பொருள் விதியை இருமுறை மீறிய கைதிக்குக் குறைந்தது இரண்டு வருஷம் சந்திப்பை ஏறத்தாழ முற்றிலும் மறுத்ததை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல் ஓவர்ட்டன் வழக்கில் நிலைநிறுத்தியது. கைதியின் உரிமை என்ற ஒரே கோணத்திலிருந்து பார்த்தால் அங்கேதான் சென்று முடிய வேண்டியிருக்கும். குழந்தையின் கோணத்திலிருந்து பார்த்திருந்தால் அந்த இரண்டு வருஷத் தண்டனையை அனுபவிப்பவர் யார் என்ற கேள்வி முன்னே வந்திருக்கும்.

பயன் பற்றிய சான்றுகள்

சந்திப்பால் விளையும் நன்மைக்கு ஆராய்ச்சிச் சான்றுகள் குறைவில்லை. தென் லண்டனில் 411 சிறுவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த கேம்பிரிட்ஜ் ஆய்வை வைத்து மறேயும் ஃபாரிங்டனும் 2005-இல் காட்டியது யாதெனில், மரணத்தாலோ நோயாலோ பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைக் காட்டிலும், சிறைவாசத்தால் பிரிந்த பிள்ளைகள் பிற்காலத்தில் அதிகத் துன்பத்துக்கும் தீயவழிக்கும் ஆளாயினர் என்பதாகும். கைதியின் பக்கத்திலும் அவ்வாறே: மின்னசோட்டா மாநிலத்தில் 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்தபோது, யாரேனும் வந்து கண்டவர்கள் மறுபடி பெருங்குற்றத் தண்டனை பெறும் அபாயம் 13 சதவீதம் குறைந்திருந்தது. சந்திப்பே இல்லாதவர்கள் மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பு 39 சதவீதம் அதிகம் என்று பிரிட்டிஷ் நீதி அமைச்சகத்தின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. பாசமுள்ள குடும்பம் படைத்தவர்களையே பலர் வந்து பார்க்கிறார்கள், ஆகவே நன்மை முழுவதும் சந்திப்பினால் மட்டும் வந்ததென்று சொல்ல இயலாது என்ற எச்சரிக்கையையும் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஆய்வுகள் இன்னும் நுட்பமான ஒன்றைக் கூறுகின்றன. ஜூலி போல்மன் முதலியோர் 2010-இல் தொகுத்தளித்த மதிப்பீட்டின்படி, குழந்தைக்கு ஏற்ற ஏற்பாட்டோடு நடந்த சந்திப்புகள் நன்மை பயந்தன; ஏற்பாடற்ற, அச்சமூட்டும் சந்திப்புகள் சில வேளைகளில் குழந்தையின் கலக்கத்தை மிகுதியாக்கின. சந்திப்பின் எண்ணிக்கையைப் போலவே அதன் தன்மையும் உரிமையின் பகுதி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

மறுப்புகள்

குற்றம் செய்யும்போது பிள்ளையை நினைக்காதவனுக்கு இப்போது பிள்ளை எதற்கு என்று கேட்பவர் உண்டு. உரிமை குழந்தையுடையது என்று ஒப்புக்கொண்டால் இந்தக் கேள்வி தானே அடிபட்டுப்போகும். தந்தையின் தகுதி எதுவாயினும், மகளின் தகுதி குறைவதில்லை. போதைப்பொருளும் செல்போனும் சந்திப்பு வழியாக உள்ளே வந்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. அபாயம் மெய்யே, ஆனால் அதற்கு மருந்து, மரியாதையோடு கூடிய சோதனையும், சந்திப்புக்குப் பின் கைதியைச் சோதிப்பதும், குறிப்பிட்ட ஒருவர்மேல் ஆதாரத்தோடு சந்தேகம் எழுந்தால் அவருக்கு மட்டும் தடுப்பு வைப்பதுமாகும். ஒருவர் செய்த பிழைக்காக எல்லாக் குழந்தைகளையும் கண்ணாடிக்கப்பால் நிறுத்துவது முறையாகாது.

குழந்தை சிறையைப் பார்க்கவே வேண்டாம், அப்பா துபாயில் வேலையாயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம் என்பது நம் குடும்பங்களில் மிகச் சாதாரணமான எண்ணம். அன்பினால் எழுவதே அது. எனினும் உண்மை ஒருநாள் வகுப்புத் தோழன் வாயாலோ பக்கத்து வீட்டுச் சண்டையிலோ வெளிப்படும்போது, அந்தப் பிள்ளை தந்தையோடு, தன்னை வளர்த்தவர்களிடம் வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்து இழக்கிறது. வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைச் சொல்வதற்குக் குடும்பத்துக்குத் துணை செய்வது சிறை நல அலுவலரின் பணிகளுள் ஒன்றாக வேண்டும்.

நான்காவது மறுப்பே கனமானது. குழந்தைக்கே தீங்கு இழைத்த தந்தை, குழந்தையின் தாயைக் கொன்ற தந்தை ஆகியோரை அக்குழந்தை காண வேண்டுமா? உடன்படிக்கையே குழந்தையின் நலத்துக்கு மாறானபோது என்ற விலக்கை வைத்திருக்கிறது. அத்தகைய வழக்குகளில் குழந்தை நல மருத்துவரின் கருத்தையும், வயதுக்கேற்ப குழந்தையின் விருப்பத்தையும் கேட்டு, குழந்தைகள் நலக் குழு தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். காண மறுப்பதும் குழந்தையின் உரிமையே. ஆனால் இந்த விலக்கு விதியாகிவிடலாகாது. திருட்டு வழக்கிலும் காசோலை வழக்கிலும் உள்ளே இருப்பவரின் பிள்ளையை, கொலைக்கு அஞ்சி எழுதிய விதியால் அளக்கக் கூடாது.

செய்யத்தக்கவை

இயலாததை யாரும் கேட்கவில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் நாகபுரி முதலிய சிறைகளில் களாபேட் என்ற பெயரால் நடக்கும் சந்திப்புகளில், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கம்பிவலைக்கு இப்பால் வந்து தந்தையைக் கட்டிக்கொண்டு, சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் 1963 முதல் இயங்கும் திறந்தவெளிச் சிறையில், தண்டனைக் கைதிகள் குடும்பத்தோடு வசித்து, வெளியே வேலைக்குச் சென்று சம்பாதித்து, குறித்த நேரத்தில் ஆஜராகிறார்கள். பிள்ளைகள் அங்கிருந்தே பள்ளிக்குப் போகிறார்கள். அயல்நாடுகளில் இத்தாலி, 2014 மார்ச் 21 அன்று, சிறைப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கென ஓர் உரிமைச் சாசனத்தில் அரசே கையெழுத்திட்டு ஐரோப்பாவுக்கு வழிகாட்டியது. அங்கே சிறைக்குள் நுழையுமுன் குழந்தைகள் காத்திருந்து விளையாடுவதற்கெனத் தனி அறைகள் அமைந்திருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு வேண்டியவையும் அரியவை அல்ல. கைது செய்யும் நேரத்திலேயே, இவரை நம்பியுள்ள குழந்தைகள் உண்டா, இன்றிரவு அவர்கள் யாரிடம் இருப்பார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். சிறைக்கு வந்ததும் அந்தப் பதிவு அனுமதிப் பதிவேட்டில் ஏறட்டும். ஒவ்வொரு மத்திய சிறையிலும் பெண்கள் தனிச் சிறையிலும், பாய் விரித்த ஓர் அறையில், ஞாயிற்றுக்கிழமையோ பள்ளி விடுமுறையிலோ, குழந்தைகளுக்கு மட்டும் தடுப்பில்லாத சந்திப்பு நடக்கட்டும். பெரியவர்களின் மனுவிலிருந்து அது கழிக்கப்படாமல் தனியே நிற்கட்டும். நேர்காணலை நிறுத்துவது தண்டனையாக இருக்கும் விதிகளிலிருந்து பிள்ளைகளின் சந்திப்பை விலக்கிவைக்கட்டும். உபாத்யாய தீர்ப்பின் வாரச் சந்திப்பு தந்தையரின் பிள்ளைகளுக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விரிய வேண்டும். ஏழைக் குடும்பத்துக்குப் பேருந்துச் செலவைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ குழந்தைகள் பாதுகாப்பு அலகோ ஏற்கலாம். காணொலிச் சந்திப்பு தூரத்திலுள்ளவர்களுக்குப் பெரிய உபகாரம். அதை நேர்ச் சந்திப்போடு கூட்டித் தர வேண்டுமேயன்றி, அதற்கு ஈடாகத் தரக் கூடாது. 2020 மார்ச் மாதத்தில் தொற்றுக்கு அஞ்சிச் சந்திப்புகளை நிறுத்தியபோது கொல்கத்தாவின் டம்டம் சிறையிலும் இத்தாலியின் பல சிறைகளிலும் எழுந்த கலவரங்கள், உற்றார் முகத்தைக் காண்பது கைதிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எல்லா அரசுகளுக்கும் உணர்த்தியிருக்க வேண்டும்.

நீதிபதி தண்டனை விதிக்கும்போது ஒருவருடைய பெயரைத்தான் எழுதுகிறார். அந்தப் பெயருக்கு உரியவரன்றி வேறொருவர் அதில் ஒருநாள் பங்கைக்கூட அனுபவிக்குமாறு செய்ய எந்தச் சிறை விதிக்கும் அதிகாரமில்லை. பெற்றோரைக் காண்பது குழந்தையின் பாத்தியதை என்று தமிழ்நாட்டுச் சிறை விதிகளில் ஒரே ஒரு வாக்கியமாகவேனும் எழுதப்பட வேண்டும். அதை எழுதும்படி சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கடமை, வாக்குரிமையில்லாத அந்தக் குழந்தைகளுக்காக, வாக்குரிமையுள்ள நம் ஒவ்வொருவரையும் சார்ந்தது.